இன்றைக்கு வண்டியில் செல்லக்கண்ணு

எந்த வயலின் மக்காச்சோளத்தை எரிபொருளாகக் காய்ச்சி ஊற்றுகிறார்களோ, அந்த வயல்காரரின் குணம் வண்டிக்கு வந்துவிடும். அதனால் நெடுங்கரம்பை டவுன் பஸ்ஸில் கால் வைக்கிற எவரும் முதலில் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. "இன்னைக்கு யாரு?" என்றுதான் கேட்பார்கள். கண்டக்டர் அந்தோணிசாமி பையைத் தோளில் சரித்துக்கொண்டே பெயரைச் சொல்வார். பெயரைக் கேட்டுவிட்டு ஏறுகிறவர்கள் ஏறுவார்கள், இறங்குகிறவர்கள் இறங்குவார்கள்.

பொன்னுரங்கத்தை ஊற்றிய நாளில் வண்டி எந்தச் சாவு வீட்டையும் தாண்டிப் போகாது. எல்லோரும் இறங்கித் துக்கம் கேட்டுவிட்டு வரும்வரை வாசலில் நிற்கும். பாப்பாத்தியை ஊற்றிய நாளில் நாயைக் கண்டால் பின்னால் நகரும். மருதையன் நாளில் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் முணுமுணுவென்று பாடும். ஊர் இதற்கெல்லாம் பழகிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது முகூர்த்தத்தோடு சேர்த்து அன்றைக்கு வண்டியில் யார் என்பதையும் பார்த்துக்கொண்டார்கள்.

செல்லக்கண்ணுவை ஊற்றிய நாட்கள் மட்டும் தனி. உயிரோடு இருந்தவரை செல்லக்கண்ணு யார் எதைச் சொன்னாலும் எதிர்ப்பக்கம் பேசியவர். மழை வரும் என்றால் வராது என்பார். சரி, வராது என்று ஒத்துக்கொண்டால், குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, எப்படி வராது என்கிறாய் என்று கேட்பார். ஆகவே அவருடைய நாட்களில் அந்தோணிசாமி நிற்கவேண்டிய இடத்தில் ரெட்டை விசிலும், புறப்படவேண்டிய இடத்தில் ஒற்றை விசிலும் கொடுத்தார். பயணிகள், டவுனுக்குப் போய் என்ன ஆகப்போகிறது, பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று உரக்கப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நேராக டவுனுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரே ஒரு இடத்தில் விசில் தேவைப்படவில்லை. ஏரிக்கரை தாண்டிய வளைவில், செல்லக்கண்ணு வீட்டுக்கு முன்னால் வண்டி தானாக நிற்கும். ஹாரன் நீளமாக ஒலித்துக் கடைசியில் கொஞ்சம் ஏறி முடியும். வயலிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபடி அவர் "ராசாம்..." என்று கூப்பிடுவது அப்படித்தான் ஏறி முடியும். ராசாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். வண்டி அவளைப் பார்க்கும். அவள் வண்டியைப் பார்ப்பாள்.

"சரி, கெளம்பாதீங்க," என்பாள்.

வண்டி கிளம்பும்.

போன ஐப்பசியில் செல்லக்கண்ணு இறந்தபோது கதிர் பால் பிடித்து நின்றது. ராசாம்பாளே அறுத்து, காயவைத்து, எத்தனால் ஆலைக்குப் போட்டாள். ஆலையில் ஒவ்வொரு வயலையும் தனித்தனிப் பீப்பாயில் பிடித்து வைப்பார்கள். கலந்து ஊற்றினால் வண்டி நடுரோட்டில் தன்னோடு தானே பங்காளிச் சண்டை போடும் என்று ஆலை வந்த முதல் வருஷமே தெரிந்துபோயிருந்தது. செல்லக்கண்ணு வயலில் விளைந்ததில் பாதியைக் காய்ச்சியாயிற்று. மீதி மூட்டையாகவே கிடங்கில் கிடந்தது.

அவர்களுடைய மகள் பூங்கோதை திருச்சியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தாள். சனிக்கிழமைகளில் ஊருக்கு வருவாள். "இன்னைக்கு யாரு?" என்று கேட்டு, அந்தோணிசாமி "உங்கப்பாதான் பாப்பா" என்று சொன்னால், இன்ஜினை ஒட்டிய முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த சண்டைகளை எடுத்து விடுவாள். வகுப்பில் ஒருவன், பெண்பிள்ளைகள் வாதாடுவதில்லை, கத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டதாகவும், அவன் வாயை எப்படி அடைத்தாள் என்றும் சொல்வாள். வண்டி அவன் பக்கம் நின்று உறுமும். அவள் இன்னொரு நியாயத்தை எடுத்துப் போடுவாள். கியர் மாறும். டிரைவர் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு இருவரையும் கேட்டுக்கொண்டு வருவார்.

சின்ன வயசில் அடுப்புத் தணலில் கதிர் சுட்டு, எலுமிச்சையை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டுத் தேய்த்து, அப்பாவும் மகளும் பின்கட்டில் உட்கார்ந்து தின்ற சாயங்காலங்கள் எல்லாமே சண்டையில்தான் கழிந்தன. அவள் கதிரை வரிசை வரிசையாகத் தின்பாள். அவர் சுற்றிச் சுற்றித் தின்பார். எது முறை என்பது கடைசிவரை முடியாத வழக்கு. அவள் சொன்னதற்கு நிஜமாகவே பதில் இல்லாமல் போன அபூர்வமான வேளைகளில், அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து முகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டு, உள்ளே பார்த்து, "சரி, டீ போடு" என்பார். தோற்றேன் என்ற வார்த்தை அவரிடம் கிடையாது. அந்த டீ கிடைப்பதற்காகத்தான் அவள் வாதாடக் கற்றுக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் என்று அவள் பாதியில் ஒத்துக்கொண்டபோது, அவர் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டார். "விட்டுக்குடுத்த ஜெயிப்பு எச்ச இலை மாதிரி. நீயே எடுத்துப் போடு," என்றார்.

ஆலைக்கு மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு அரசு மானியம் கொடுத்தது. அந்த மானியம் தொடர்வதா நிற்பதா என்பதை வருஷா வருஷம் பங்குனித் திருவிழாப் பட்டிமன்றம் தீர்மானித்தது. மக்காச்சோளம் வயிற்றுக்கா, வண்டிக்கா என்பது தலைப்பு. நடுவர் வேதமாணிக்கம், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். தீர்ப்புச் சொல்லும்போது ஒருவர் மனமும் கோணாதபடி இரண்டும்தான் என்று முடிப்பது அவர் வழக்கம். போன வருஷமும் அப்படித்தான் முடித்தார். தீர்ப்பு தீர்ப்புதானே. அதன்படி, ஊருக்குக் கை ஓயும்வரை ஆறு மாசம் வண்டிகள் போகும்போது எரிபொருளில் போயின, திரும்பும்போது பயணிகள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் மட்டும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சலுகை இருந்தது. இந்த வருஷம் ஊர் கூடி, நடுவர் "இரண்டும்" என்ற சொல்லை மேடையில் உச்சரிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. அவர் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுச் சம்மதித்தார்.

வயிற்றுக் கட்சிக்குப் பூங்கோதையைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு யோசிக்க எதுவும் இல்லை. தாய்மாமன் குமரேசனின் கோழிப் பண்ணையை அவள் பார்த்திருந்தாள். தீவனத்துக்கு வரவேண்டிய சோளம் முழுக்க ஆலைக்குப் போய்விட, முட்டைகள் வாரா வாரம் சிறுத்துச் சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டன. சத்துணவில் பிள்ளைகளுக்குக் கை நிறைய அள்ளிக் கொடுத்தும், வாய்க்குள் போட்டபின் தேடவேண்டியிருந்தது. கோழிகள் கூண்டில் நின்று, சாலையில் வண்டி போகும் பக்கமெல்லாம் ஒன்றாகத் தலையைத் திருப்பின. தங்கள் சாப்பாடு எதில் ஏறிப் போகிறது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி பூங்கோதைக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டிக் கட்சியில் கடைசியாகப் பேசுவது டவுன் பஸ் என்று முடிவாயிற்று. அன்றைக்கு என்று பார்த்து ஆலையில் செல்லக்கண்ணுவின் கடைசிப் பீப்பாய் மட்டுமே மிச்சம் இருந்தது.

பட்டிமன்றத்துக்கு முந்தின நாள் ராசாம்பாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வீட்டில் அதற்கு இடமும் இருந்ததில்லை.

"நீ பேசி ஜெயிச்சியன்னா வண்டி நிக்காதுடி," என்றாள்.

"பேசலைன்னா பிள்ளைங்களுக்கு முட்டை இல்லம்மா."

"மூட்டை கெடக்குதுல்ல கெடங்குல. அதையும் காய்ச்சுனாங்கன்னா ஆடி வரைக்கும் வருவாரு." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "ஒப்புக்குப் பேசிட்டு வாயேன். யாரு கேக்கப்போறா?"

"அப்பா கேப்பாரு."

ராசாம்பாள் மறுபடி உளுந்தைப் புடைத்தாள். அதுவும் உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். கட்சி மாறி வண்டிக்காகப் பேசலாமா என்றுகூட அன்று சாயங்காலம் பூங்கோதை யோசித்துப் பார்த்தாள். மாறினால் அப்பா வயிற்றுக்காகப் பேசி, தன்னைத்தானே தோற்கடித்துவிட்டுத்தான் ஓய்வார். எந்தப் பக்கம் போனாலும் எதிர்ப்பக்கத்தில் அவர் நின்றார்.

வண்டிக்குச் சாயங்கால டிரிப் இருந்ததால் பட்டிமன்றத்தை மத்தியானமே வைத்துக்கொண்டார்கள். கோவில் திடலில் பந்தல். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் வண்டி வந்து நிற்க வழி. ஆலையின் மேலாளர் முதலில் எழுந்து, வெளிநாட்டு எண்ணெயை நம்பி எத்தனை நாள் கையேந்துவது என்று கேட்டார். ஆலை வருவதற்கு முன்னால் வியாபாரி சொன்னதுதான் விலை, இன்று உழவன் விலை கேட்கிறான் என்றார். அதில் பொய் இல்லை என்பதால் கைதட்டல் பலமாக இருந்தது. குமரேசன் எழுந்து, கூடவே கொண்டுவந்திருந்த முட்டையை விரல் நுனியில் தூக்கிக் காட்டினார். பின்வரிசைக்காரர்கள், காட்டுப்பா, எங்கே காட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் அதற்குமேல் வாதாட வேண்டியிருக்கவில்லை.

பூங்கோதை எழுந்தாள். மைக்கை இழுத்துத் தன் உயரத்துக்கு இறக்கினாள். மானியம் தப்பில்லை, உழவருக்குக் கொடுக்கிறது எதுவும் தப்பில்லை என்று ஆரம்பித்தாள். ஆனால் அது யார் கைக்குப் போகிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டாள். உழவன் சோளத்துக்கு மானியம் வாங்கிய அன்றே விதைக்காரனும் உரக்காரனும் விலையை ஏற்றிவிடுகிறார்கள். ஆலை கொள்முதல் விலையை அதே அளவுக்கு இறக்கிவிடுகிறது. "டிக்கெட்டு உழவன் பேருல எடுத்திருக்கு. சீட்டுல உட்கார்ந்து போறது ஆலை. எங்கம்மா இன்னும் படிக்கட்டுலதான் தொங்கிட்டு வர்றாங்க," என்றாள். மேலாளர் தன் நாற்காலியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கம்பு போச்சு, வரகு போச்சு, ஆட்டுக்குத் தட்டை போச்சு, கடைசியில் பிள்ளைகள் வாயில் இருந்த முட்டையும் போச்சு என்று விரலை மடக்கினாள். ஒரு ஊர் எதைச் சாப்பிட வேண்டும் என்பதை அந்த ஊர் டவுன் பஸ் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லி உட்கார்ந்தாள். பெண்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் பந்தல் ஓலை சலசலத்தது.

பிறகு வண்டி வந்தது. உள்ளே யாரும் இல்லை. மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று, கொஞ்ச நேரம் இன்ஜின் ஓடும் சத்தத்தை மட்டும் கேட்க விட்டது. செல்லக்கண்ணுவும் பேசுமுன் இப்படித்தான் தொண்டையைச் செருமுவார். அப்புறம் ஹாரனை அடித்தது. நீளமாக வந்து, கடைசியில் கொஞ்சம் ஏறி முடிந்தது.

பெண்கள் பக்கத்தில் ராசாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

வண்டியின் வாதம் அவ்வளவுதான். திடல் முழுக்க அவளையே பார்த்தது. பொன்னுரங்கத்தின் மகன் துண்டால் மூக்கைத் துடைத்தான். பாப்பாத்தியின் பேத்தி அழுதாள். ஊரில் எல்லோருக்கும் அந்த வண்டியில் யாராவது ஒருவர் இருந்தார்கள். ஆலை மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவர் பேனாவைத் திறந்தார்.

மறுப்புரை உண்டு என்பது பட்டிமன்ற விதி. பூங்கோதை மறுபடி மைக்குக்கு முன்னால் வந்தாள். அம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். வண்டியின் பின்னால் குழாயிலிருந்து புகை மெல்ல வந்து, பந்தல் கால்களுக்கு நடுவே போய்க் கரைந்தது. பூங்கோதை அதையே பார்த்தாள்.

"அப்பா," என்றாள். "நீங்க சொன்னது சரி. உங்கள ஊத்துனா நீங்க வருவீங்க. ஆனா அங்க பாருங்க, பின்னாடி. வர வரப் போயிட்டிருக்கீங்க. அம்மாவ ஒரு வாட்டி கூப்புடறதுக்கு ஒரு வயலு எரியுது. ஆடி வரைக்கும் வருவீங்க. ஆவணியில யாரு வருவா?"

வண்டி உறுமியது. அவள் நிறுத்தவில்லை.

"வண்டிக்குள்ள போனது பொகையாப் போயிடும்ப்பா. வயித்துக்குள்ள போனதுதான் தங்கும். தின்னவங்க ரத்தத்துல இருக்கும், வாயில இருக்கும். நீங்க போகணுமா, இருக்கணுமா? அத மட்டும் சொல்லுங்க."

இன்ஜின் சத்தம் ஏறியது, இறங்கியது, இன்னொரு முறை ஏறப் பார்த்தது. பிறகு அடங்கிவிட்டது. வெயில் காய்ந்துகொண்டிருந்த, ஒரு பொட்டு ஈரம் இல்லாத முன் கண்ணாடியில் வைப்பர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பாகப் போய் நின்றது. டேங்க் மூடி தானாகத் திறந்துகொண்டது.

"டீ கேக்குறாரு," என்றார் அந்தோணிசாமி.

திருவிழாக் கடையிலிருந்து டீ டிரம்மையே தூக்கி வந்து ஊற்றினார்கள். பீப்பாயிலிருந்து ஊற்றியது மேடைக்கு வரும்போதே அடிக்கு வந்திருந்ததால் டேங்கில் இடம் நிறைய இருந்தது. வண்டி அவசரப்படாமல் குடித்தது. நடுவர் வேதமாணிக்கம் எழுந்து, சொல்லக்கூடாத சொல்லை வெகுநேரம் வாய்க்குள் சுற்றிச் சுற்றி வைத்திருந்து, கடைசியில், "வயிறு," என்றார். இவ்வளவு சின்னத் தீர்ப்பை அவர் அதுவரை சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது கொஞ்சம் மெலிந்து தெரிந்தார்.

சாயங்கால டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. ராசாம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வண்டியின் நெற்றியில் கையை வைத்தாள். இன்னும் சூடு இருந்தது.

"போயிட்டு வாங்க," என்றாள்.

அன்றைக்கு மட்டும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது.

அதற்குப் பிறகு டவுன் பஸ் டீயிலேயே ஓடியது. காலையில் ஸ்ட்ராங்காகவும் மத்தியானம் லைட்டாகவும் போட்டார்கள். நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது, ஏறினவர்கள் தூங்கவில்லை. "இன்னைக்கு யாரு?" என்று கேட்பதை ஊர் மெல்ல மறந்தது. ஏரிக்கரை வளைவில் வண்டி நிற்காமல் போயிற்று. ராசாம்பாள் அந்த நேரத்துக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவதை மட்டும் விடவில்லை. தூசி அடங்கும்வரை நின்றுவிட்டு உள்ளே போவாள். மகளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பூங்கோதைக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். சனிக்கிழமைகளில் அவள் பழையபடி முன் சீட்டில் உட்கார்ந்து சண்டைகளை எடுத்து விட்டாள். வண்டி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டது. பாதி வழியில் அவளே பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கிடங்கில் கிடந்த செல்லக்கண்ணுவின் மூட்டைகள் குமரேசனின் பண்ணைக்குப் போயின. முதல் வாரமே கோழிகள் சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றன. தீவனத்தைச் சுற்றிச் சுற்றிக் கொத்தின. குமரேசன் விடிந்ததும் கூண்டுக்கு முன்னால் போய் நின்று, இன்னைக்கு யாரும் முட்டை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவார். கூடை நிரம்பி வழிந்தது. முட்டை பழைய அளவுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் நாளைக்கு லீவு என்றால் பிள்ளைகள், எப்படி லீவு விடலாம் என்று எழுந்து நின்றார்கள்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை குமரேசன் அக்காவுக்கு ஒரு அட்டை முட்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ராசாம்பாள் முட்டைக் குழம்பு வைத்தாள். அம்மாவும் மகளும் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, மேற்கே இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பூங்கோதை, மழை வரும் போலிருக்கிறது என்றாள்.

"எத வச்சுச் சொல்ற?" என்றாள் ராசாம்பாள்.

பூங்கோதை செம்பைக் கீழே வைத்தாள்.

"மேகம் கட்டுதும்மா."

"கட்டுனா? போன வாரமும்தான் கட்டுச்சு. ஒரு தூத்தல் விழுந்துச்சா? ரெண்டு எழுத்துப் படிச்சுட்டா வானம் உன்னக் கேட்டுக்கிட்டுத்தான் பெய்யுமா?" ராசாம்பாள் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "இன்னொண்ணும் கேக்கணும்னு இருந்தேன். மானியத்த ஆல தின்னுச்சுன்னு மேடையில மொழங்குனியே. தின்னா ஆலைய நிமிர்த்தணும். மானியத்த எதுக்குடி நிப்பாட்டுன? மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவியா?"

அது நல்ல கேள்வி. நடுவர்கூட அதைக் கேட்கவில்லை. பூங்கோதை அம்மாவுக்கு நேர் எதிரே நகர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பதில் சொன்னாள். ராசாம்பாள் அதைத் தட்டிவிட்டாள். இவள் வேறு வழியில் வந்தாள். அங்கேயும் அம்மா நின்றாள். எச்சில் தட்டுகள் காய்ந்தன. தூறல் விழுந்து, இது மழையா தூறலா என்பது தனி வழக்காகி, அது முடிவதற்குள் நின்றும் போயிற்று. வெகுநேரம் கழித்து, உரக்காரனையும் ஆலையையும் நிமிர்த்தும்வரை கோழிகள் காத்திருக்குமா, காத்திருந்த கோழி எங்காவது முட்டை வைத்திருக்கிறதா என்று பூங்கோதை கேட்டபோது, ராசாம்பாள் முந்தானையை எடுத்தாள். முகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

"சரி, டீ போடு," என்றாள்.

வீட்டில் பால் இல்லை. ஏரிக்கரை வளைவில் டவுன் பஸ் வரும் சத்தம் கேட்டது. பூங்கோதை தம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிக் கையை நீட்டினாள். அந்தோணிசாமி ஒற்றை விசில் கொடுத்தார், வண்டி நின்றது. அவர் இறங்கி வந்து டேங்கின் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டு, ஆத்திக் குடு பாப்பா, மேட்டுல ஏறி வந்திருக்கு, சூடா இருக்கும் என்றார்.

ராசாம்பாள் ஒரு மடக்குக் குடித்தாள். இஞ்சி தூக்கல் என்றாள். பூங்கோதை வாங்கி ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு, இல்லை, கம்மி என்றாள். கொஞ்சம் தள்ளி, அடுத்த வீட்டுக்காரி சொம்போடு வண்டியைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள்.